வெறும் கசெற்

சனிக்கிழமை பின்னேரங்களில், லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஒடுங்கிய மாடிப்படியில், ஆளுக்கு முந்தி ‘நோவெண்ணெய்’ மணம் ஏறிவரும். அதன் பின்னால், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக அலோசியஸ் மாமா ஏறிவருவார். அம்மாவின் ஒரே தம்பி. மன்னாரிலிருந்து வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரவேண்டிய கடிதம் ஒன்றுக்காக எங்கள் வீட்டுச் சின்ன அறையில் காத்திருந்தவர். சனிக்கிழமைகளில் அவர் ஆங்கில வகுப்புக்குப் போகிறார் என்பது எங்கள் வீட்டின் உத்தியோகபூர்வமான நம்பிக்கை. நொண்டிக்கொண்டு வருகிற தம்பியைப் பார்த்து அம்மா, “பாவம் பெடியன், ஒரு பாஷையைப் படிக்க என்ன பாடு படுறான்” என்பார். ஒருநாள் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து வந்தபோதுகூட, “பஸ்ஸில கம்பி அடிச்சுப் போட்டுது அக்கா” என்ற ஒரு வசனத்தோடு விஷயம் முடிந்துபோனது. நான் வாங்கிய மாக்ஸ் ஒவ்வொன்றையும் மூன்று தரம் விசாரித்த அதே அம்மாதான். இந்த அநியாயத்தை அன்றைக்கே நான் மனதில் குறித்து வைத்தேன்.

உண்மையில் மாமா போனது மல்யுத்தத்துக்கு. தொலைக்காட்சியில் அமெரிக்கர்கள் வாணவேடிக்கையோடு செய்வார்களே, அது இல்லை. கூரை திருத்துகிறவர்களும் தபால்காரர்களும் சேர்ந்து, வாடகை மண்டபங்களில், மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்த நூறு நூற்றைம்பது பேருக்கு முன்னால் நடத்திய சில்லறை மல்யுத்தம். அதில் மாமாவுக்குக் கெட்டவன் வேஷம். பெயர் ‘மெட்ராஸ் மகாராஜா’. மன்னாரில் பிறந்து, பூசைக்கு உதவி செய்து வளர்ந்த கத்தோலிக்கப் பெடியன். மெட்ராஸ் விமான நிலையத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. யன்னல் சீலை மிச்சத்தில் தைத்த பொன்னிறத் தலைப்பாகை ஒன்றைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்துவிட்டு, “நீ மகாராஜா, உன்னை எல்லோரும் வெறுக்க வேண்டும்” என்று சொன்னால் சரி என்று நினைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காதடி சுடுகிறது. அப்போது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் ஒரு மகாராஜா இருக்கிறார் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், அவருடைய பைக்குள் தலைப்பாகையைக் கண்டுபிடித்துவிட்டேன். வாயை மூடுவதற்கு எனக்குக் கிடைத்த கைலஞ்சம் ஒரு வீடியோ கசெற். தங்கள் காட்சிகளைப் படம் பிடித்து அடுத்த காட்சியன்று வாசலில் வைத்து விற்பது அந்த ஆட்களின் வழக்கம். மல்லர்களுக்கு ஆளுக்கொன்று இனாம். மாமா தனக்கு அடுத்து வரப்போவதை எனக்கென்று சொல்லிவைத்து, சில கிழமை கழித்துத் தந்தார்.

“மருமேள், இதை ஆருக்கும் காட்டக்கூடாது. கடைசிச் சண்டை என்ர. வடிவாப் பார்.”

பார்த்தேன். அம்மாவும் அப்பாவும் ‘ஷிப்ட்’டில் இருந்த பின்னேரங்களில், அந்த மூன்று மணித்தியாலக் கசெற்றை எங்கள் ‘டெக்’ கரகரவென்று விழுங்க, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, மூன்று மாதத்தில் ஒரு நாற்பது தரமாவது பார்த்திருப்பேன். எதிராளி பிக் கெவின் என்கிற கூரை வேலைக்காரர். இருபது ஸ்டோன், அதாவது நூற்றிருபத்தைந்து கிலோவுக்கு மேல் நிறை. சுவருக்குக் காற்சட்டை மாட்டியது போலிருப்பார். அவரை அதுவரை ஒருவரும் தரையிலிருந்து கிளப்பியதில்லை, அதுதான் அவருடைய புகழ். முதல் பத்து நிமிடம் மாமாவைத் துணி பிழிவது போலப் பிழிவார். சனம் ‘பூ’ என்று கத்தும். பிறகு திடீரென்று மாமா குனிந்து, கெவினின் தொடைக்குள் ஒரு கையைக் கொடுத்து, முக்கி, அந்த முழு மனிதரையும் தோளுக்கு மேல் தூக்குவார். தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். மண்டபத்தில் அவ்வளவு நேரமும் கத்திய வாய்கள் அப்படியே திறந்தபடி நிற்கும். அதற்குப் பிறகு கால் மடங்கி, மாமா மல்லாக்க விழ, கெவின் அவருக்கு மேலே விழ, நடுவர் மூன்று எண்ணுவார். தோல்விதான். ஆனால் அந்த ஒரு சுற்று இருக்கிறதே, அதற்காக நான் கசெற்றைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டதில் அந்த இடத்தில் படம் மழை பெய்யத் தொடங்கியிருந்தது.

இனி என் மூளையின் திறமையைச் சொல்கிறேன். கசெற்றை ஒளிக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே வைத்தால் அம்மா கூட்டுவார். அலமாரிக்குள் வைத்தால் அப்பா தேடுவார். ஆகவே மற்றக் கசெற்றுகளோடு பகிரங்கமாக அடுக்கிவிட்டு, ஒருவருக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றாத ஒரு பெயரை அதன் முதுகில் எழுதி ஒட்டுவது என்று முடிவெடுத்தேன். நல்ல கையெழுத்தில், சிவப்பு மையில் எழுதினேன்: ‘வெறும் கசெற்’.

வீடியோ கசெற்றின் விளிம்பில் சின்ன பிளாஸ்ரிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதற்கு மேல் எதையும் பதிய முடியாது. இதை அறியாதவள் அல்ல நான். ஆனால் பல் உடைந்த கசெற் வெறும் கசெற் ஆகுமா? ஆகாது. பொய்யைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்ற நேர்மையினால் பல்லை விட்டுவைத்தேன்.

அந்த மே மாதம் நான் பெரியபிள்ளை ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை, மண்டபம் பிடித்தார்கள். சாமத்தியவீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா, என்பது என்ன என்று லண்டனில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை தன் சிநேகிதிகளுக்கு விளக்குவதில் இருக்கிற அவமானம் தனிக் கட்டுரைக்கு உரியது, அதை விடுகிறேன். அப்பா பிடித்த மண்டபம், மாமா மல்லுக்கட்டிய அதே மண்டபம். அந்தப் பக்கத்தில் இருந்த மலிவான மண்டபம் அது ஒன்றுதான். சனிக்கிழமை அடிபாடு, ஞாயிற்றுக்கிழமை ஆலாத்தி. எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் முதலில் தலையில் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். பட்டு வேட்டியும் முறியாத மடிப்புச் சட்டையுமாக அலோசியஸ் மாமா வந்து நின்றபோது, அவர் கண் மட்டும் மேடையின் தரையில் எதையோ தேடியது. குனிந்து என் தலையில் அறுகை வைக்கும்போது மெல்லச் சொன்னார்: “இந்த இடத்திலதான் விழுந்தனான்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவில் அது வெட்கமாகப் பதிவாகியிருக்கிறது. “பிள்ளைக்கு என்ன வெட்கம் பாருங்கோ” என்று மாமிமார் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்த வீடியோவில் என்னைவிட மாமாவுக்குத்தான் பெரிய அலுவல் இருந்தது. ரொறன்ரோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகளை அவருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தபாலில் படம் போயிருந்தது; ஆனால் படத்தில் எல்லோரும்தான் நன்றாக இருப்பார்கள், ஆள் நடந்து திரிகிறதைப் பார்க்க வேண்டும் என்று பெண் வீட்டார் விரும்பினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் சனம் கண்டம் விட்டுக் கண்டம் மாப்பிள்ளை பார்த்தது இந்த வீடியோக்களில்தான். ஆகவே வீடியோக்கார பிரான்சிஸ் அண்ணைக்கு அம்மா தனியாகச் சொல்லிவைத்திருந்தார்: “தம்பியைக் கொஞ்சம் கூட எடு.”

பிரான்சிஸ் அண்ணை ரோஜாப்பூவுக்குள் என் முகத்தை வைத்தார். அன்னப்பறவைகளை நீந்தவிட்டார். எல்லாவற்றையும் ஒட்டி முடித்து ஏற்றுவதற்கு அவரிடம் நல்ல கசெற் இருக்கவில்லை. அப்பாவிடம் கேட்டார். அப்பா எங்கள் அடுக்கைப் பார்த்தார். சிவப்பு மையில், நல்ல கையெழுத்தில், மூத்தமகள் எழுதியிருந்தாள்.

சாமத்தியவீடு இரண்டு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் ஓடியது. கசெற்றோ மூன்று மணித்தியாலம். சூரியன் மறைய, மாமா கைகூப்பி நிற்க, ‘நன்றி வணக்கம்’ என்ற எழுத்து மேலே போகும். ஒரு கணம் திரை நடுங்கும். அடுத்த கணம் அதே மண்டபத்தில், அதே நீலத் திரைச்சீலைக்கு முன்னால், அரைநிர்வாணமாக அதே மாமா மல்லாக்க விழுவார். அவருக்கு மேல் ஒரு பெரிய வெள்ளைக்காரர் விழுவார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அந்த வெள்ளைக்காரர் தலைப்பாகையை மிதித்துவிட்டுப் போவார். பிரான்சிஸ் அண்ணை பிரதியெடுக்க இரண்டு டெக்கைப் பூட்டி ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர், கசெற் முடிகிற வரைக்கும் வரவில்லை. ரொறன்ரோவுக்கு நான்கு, பாரிஸுக்கு இரண்டு, ஜெர்மனிக்கு ஒன்று என்று பிரதிகள் போயின. எல்லாவற்றிலும் மாமா விழுந்தார்.

முதல் தொலைபேசி ரொறன்ரோவிலிருந்த பெரியம்மாவிடமிருந்து. நான்தான் எடுத்தேன்.

“பிள்ளை, சாப்பாட்டில ஏதும் பிழையோ?”

“இல்லையே பெரியம்மா, ஏன்?”

“பின்னை என்னத்துக்கு அந்த வெள்ளையன் உன்ர மாமனைப் போட்டு அடிக்கிறான்? ஆலாத்தி முடிஞ்ச கையோட இப்பிடி ஒரு சண்டையோ! அதுக்க அவன் உடுப்பையும் கழட்டிப் போட்டு நிக்கிறான்!”

பெண்ணின் தகப்பன் இவ்வளவு வெகுளி இல்லை. அவருக்கு அது மல்யுத்தம் என்று விளங்கியிருந்தது. அவர் சொல்லியனுப்பியதைப் பெரியம்மா மனப்பாடமாக ஒப்புவித்தார்: “எங்கட பிள்ளைக்கு அடிக்கிற மாப்பிள்ளையும் வேண்டாம், அடி வாங்குற மாப்பிள்ளையும் வேண்டாம்.” சம்பந்தம் அத்தோடு சரி. அம்மா மாமாவை வரவேற்பறை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் வாங்கினார். மாமா சத்தியம் பண்ணினார். கசெற்றை எனக்குத் தந்தவர் தான்தான் என்றோ, ‘வெறும் கசெற்’ என்று எழுதியது யார் என்றோ ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் என் முதல் வாக்குமூலம்.

என் கோபம் எங்கே தொடங்கியது என்றால், அதற்குப் பிறகு. குடும்பம் முழுவதும், மூன்று கண்டங்களில், மாமா விழுந்ததை மட்டும் பார்த்தது. அவர் தூக்கியதை என் சாமத்தியவீடு விழுங்கிவிட்டது. அந்த இடத்தில் இப்போது நான் ரோஜாப்பூவுக்குள் பல்லை இளிக்கிறேன். கலியாணவீட்டில் மாமா கதிரையில் சறுக்கினால் ஒருவர் ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என்று எண்ணுவார். மச்சான்மார் அவருக்கு வைத்த பெயர் ‘மூண்டெண்ணி’. “அவர் அந்த மனிசனைத் தூக்கினவர், நான் பாத்தனான்” என்று நான் சொன்னால், “ஓமோம், தூக்கினவர்தான்” என்று பிள்ளைக்குச் சோறு தீத்துகிற குரலில் சொல்வார்கள். முப்பது வருடம். மாமா சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்புவேன்.

“உதெல்லாம் பொய்யடி, முதலே பேசி வைச்சுச் செய்யிறது” என்று எனக்கு விளக்கியவர்கள் யார்? ஆலாத்தித் தட்டுடன் யார் எப்போது எந்தப் பக்கத்தால் வரவேண்டும், மாமி எந்த இடத்தில் கண்ணைத் துடைக்க வேண்டும், மாமன் எந்தக் கையால் அறுகை எடுக்க வேண்டும் என்று ஒரு கிழமையாகப் பேசி வைத்துச் செய்தவர்கள். ஐயத்துக்கு இடமில்லாத முடிவை நோக்கி, எல்லோரும் ஒப்புக்கொண்ட வேஷத்தில், மேடையில் நடக்கிற ஒன்றுக்கு அழுகிறவர்கள், மற்றவர்கள் அதையே உடுப்பில்லாமல் செய்தால் பொய் என்கிறார்கள். நான் இதை ஒரு கலியாணவீட்டில் உரத்துச் சொன்னேன். அப்பா என்னை ஐஸ்கிரீம் எடுக்க அனுப்பினார். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

போன மாதம் தபாலில் ஒரு பெட்டி வந்தது. பழைய சில்லறை மல்யுத்தக் காட்சிகளைத் தேடியெடுத்து, துடைத்து, வட்டுகளில் விற்கிற ஒரு சின்னக் கூட்டம் இருப்பதை அறிந்து, அந்த மண்டபத்தின் பெயரைப் போட்டுத் தேடி, கண்டுபிடித்துவிட்டேன். மூலப்படம் அப்படியே இருந்தது. அட்டையைப் பார்த்தேன். பிக் கெவினின் பெயர் விரல் தடிப்பு எழுத்தில். அவருக்கு எதிரே: ‘மெட்ராஸ் மகாராஜா (பெயர் தெரியவில்லை)’. கூரை வேலைக்காரரின் பெயர், அவருடைய ஊர், பிறந்தநாள், அவர் வளர்த்த நாயின் பெயர்வரை தெரிந்திருக்கிறது. அதே மேடையில் அதே நிமிடத்தில் நின்ற மனிதனின் பெயர் தெரியவில்லையாம்! விசாரித்தார்களா? பிளேஸ்டோவில் எந்தத் தமிழ்க் கடையில் கேட்டிருந்தாலும், விழுந்தவர்தானே என்று சொல்லியிருப்பார்களே. புதிதாகச் சேர்த்த பின்னணி வர்ணனையில் இரண்டு பேர் தலைப்பாகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

மாமா குனிந்தார். கையைக் கொடுத்தார். தூக்கினார். சுற்றினார். கத்திவிட்டேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். புதிய கருவிகளின் கேடு இது, விட்டுவைக்காது. கெவினின் முழங்கால்கள் மடிந்தன. பாதம் தரையை உதைத்தது. அவர் துள்ளினார். தூக்கப்படுவதற்கு ஏற்றமாதிரி, ஒரு பிள்ளை தகப்பனின் தோளுக்குத் துள்ளுவது போல, அந்த இருபது ஸ்டோனும் தானாக எழும்பிக் கொடுத்தது.

முப்பது வருடம் நான் சண்டை பிடித்தது இதற்காகவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டைத் தூக்கிக்கொண்டு ரெய்னர்ஸ் லேனில் மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது அறுபதுக்குக் கிட்ட. மேரி மாமியைப் பிறகு ஒரு தேவாலய யாத்திரையில் தானே கண்டுபிடித்துக் கட்டினார், எந்த வீடியோவின் உதவியும் இல்லாமல். இடது முழங்கால் மட்டும் இன்னும் மகாராஜாவினுடையது. இரண்டு பேரையும் இருத்திப் போட்டுக் காட்டினேன். மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு, “மெய்யாத் தூக்கினீங்களோ! நான் இவள் பிள்ளை சும்மா சொல்லுறாள் எண்டெல்லே இருந்தனான்” என்றார். மாமா திரையில் இருந்த பெடியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: “மாமா, அவன் துள்ளுறான்.”

“ஓம், துள்ள வேணுமெல்லே. இருபது ஸ்டோனை ஆர் தூக்கிறது? நானென்ன கிரேனே?”

“அப்ப இது பொய்யோ?”

“விசர்க் கதை கதையாதை. அவன் ஒருத்தனுக்கும் துள்ளிக் குடுக்கிறேல்லை. ஆரும் தூக்கேலாத ஆள் எண்டதுதான் அவன்ர பேர். அதை விட்டா அவனிட்ட என்ன இருக்கு?” மாமா முழங்காலைத் தடவினார். “நான் ரெண்டு கிழமையா அவனைக் கேட்டனான். என்ர மருமேள் கசெற்றில பாக்கப் போறாள், ஒரே ஒருக்காத் தூக்க விடடா எண்டு. ஏலாது எண்டிட்டான். அண்டைக்கு நடுவில என்ர கழுத்தை நெரிச்சுக்கொண்டு நிக்கேக்க காதுக்க சொன்னான், ‘இப்ப தூக்கு, கெதியா’ எண்டு. அதுக்காகச் சண்டை நடத்துறவன் பேந்து மூண்டு மாசம் அவனைக் கூப்பிடேல்லை.”

மாமி தேத்தண்ணீர் போட எழும்பிப் போனார். நான் ரோஜாப்பூவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே வட்டு விற்ற அந்தக் கூட்டத்துக்குக் கடிதம் எழுதினேன். முழுப்பெயரைப் போட்டு, அட்டையைத் திருத்தும்படி மூன்று பக்கம். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். “முழுப்பேரும் போடாதை, அக்கா பாத்தாவெண்டா” என்றார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, கண்ணும் சரியில்லை. ஆனாலும் அந்தோனியார் சுரூபம் இன்னும் அவர் வரவேற்பறையில் இருக்கிறது. முழுப்பெயரையும் போட்டுத்தான் அனுப்பினேன். பதில் வரவில்லை. வரும்வரை கிழமைக்கொன்று அனுப்புவதாக இருக்கிறேன்.

தூக்குகிற இடத்தை வெட்டிக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டேன். கைகூப்பல்கள் வந்தன. ரொறன்ரோ மச்சான் ஒருவர் மட்டும் எழுதினார்: “அந்தாள் தானாத் துள்ளுதெல்லோ?” அதற்கு நீளமாக ஒன்று எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: “ஓம், துள்ளினவர்தான். உங்களுக்காக ஆராவது ஒருக்காத் துள்ளியிருக்கினமோ?” இரண்டு நாள் போனது. பிறகு பெரியம்மா காலை வணக்கம் சொல்லி ஒரு பூப்படம் போட்டார். ரோஜாப்பூ.

அந்த மண்டபம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஆறுமாடி வீடுகள், கீழே ஒரு உடற்பயிற்சி நிலையம். மல்யுத்தம் நடத்தியவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கெவின் இறந்துவிட்டார் என்பதை வட்டின் அட்டையில் வாசித்துத்தான் மாமா தெரிந்துகொண்டார். பிரான்சிஸ் அண்ணை கமெராவை விற்றுவிட்டார். எங்கள் டெக் எந்த வருடம் எந்தக் குப்பையோடு போனது என்று ஒருவருக்கும் நினைவில்லை. கசெற் மட்டும் என்னிடம் இருக்கிறது. போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. சிவப்பு மை மங்கிவிட்டாலும் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு அதை ரெய்னர்ஸ் லேனுக்குக் கொண்டுபோனேன். மாமியின் குசினிக் கத்தியை வாங்கி, விளிம்பில் இருந்த அந்தப் பிளாஸ்ரிக் பல்லை நெம்பினேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் டக்கென்று சத்தம் கேட்டது.

“இப்ப என்னத்துக்கடி அதை உடைக்கிறாய்?” என்று மாமா சிரித்தார். “இனி அதில ஆர் என்னத்தைப் பதியப் போயினம்?”

“தெரியாது மாமா. எங்கட ஆக்களை நம்ப ஏலாது.”